அமலூர் மேல் ஏறிய கடன்

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்ட். மக்கள்தொகை பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதுவரை ஒரு கேம்கூட வெளியிட்டிராத 38 ஸ்டூடியோஸ் என்ற வீடியோ கேம் நிறுவனத்துக்காக, 2010-இல் அந்த மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக் கழகம் 7.5 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. 2012 ஜூன் மாதம் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. இடைப்பட்ட காலத்தில் அது வெளியிட்டது ஒரே ஒரு கேம்: ‘கிங்டம்ஸ் ஆஃப் அமலூர்: ரெக்கனிங்’.

இந்தப் பெயரைச் சொன்னால் ஆர்பிஜி (ஒரு பாத்திரத்தை ஏற்று அதை வளர்த்துக்கொண்டே போகும் கேம் வகை) ஆடுகிறவர்கள் அதன் சண்டை முறையைப் பற்றிப் பேசுவார்கள். ரோட் ஐலண்ட்காரர்கள் வரிப்பணத்தைப் பற்றிப் பேசுவார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும், கேம் ஓடவில்லை, அதனால் நிறுவனம் மூழ்கியது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரெக்கனிங் மோசமான கேமும் இல்லை, விற்காத கேமும் இல்லை. வெளிவரவே வராத இன்னொரு கேமின் செலவை அதன் தலையில் கட்டினார்கள். நடந்ததை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

பேஸ்பால் வீரர் கட்ட நினைத்த உலகம்

கர்ட் ஷில்லிங், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காகப் பந்து வீசியவர். 2004-இல் கணுக்காலில் தையல் போட்டுக்கொண்டு, காலுறையில் ரத்தம் கசியக் கசிய ஆடினார். அந்த ஆண்டு ரெட் சாக்ஸ் 86 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்றது. அந்த ரத்தக்கறை படிந்த காலுறை அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் தனி இடம் பிடித்துவிட்டது.

மைதானத்துக்கு வெளியே அவருக்குப் பிடித்தது எம்எம்ஓ கேம்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இணையம் வழியாக ஒரே உலகத்துக்குள் நுழைந்து ஆடுகிற வகை. எவர்குவெஸ்ட், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் எல்லாம் அந்த ரகம். தானே அப்படி ஒன்றைக் கட்ட வேண்டும் என்று 2006-இல் மாசசூசெட்ஸில் கிரீன் மான்ஸ்டர் கேம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கொஞ்ச நாளில் அதன் பெயர் 38 ஸ்டூடியோஸ் ஆனது. 38 அவருடைய ஜெர்சி எண்.

ஆட்களைப் பெரிய அளவில்தான் சேர்த்தார். ஃபேன்டசி நாவலாசிரியர் ஆர். ஏ. சால்வடோர், அமலூர் என்ற அந்தக் கற்பனை உலகத்துக்குப் பத்தாயிரம் ஆண்டு வரலாறு எழுதினார். காமிக்ஸ் ஓவியர் டாட் மெக்ஃபார்லேன் காட்சி வடிவத்தைப் பார்த்துக்கொண்டார். எம்எம்ஓவுக்கு உள்வட்டாரப் பெயர் ‘ப்ராஜெக்ட் காப்பர்நிகஸ்’.

எம்எம்ஓ என்பது எவ்வளவு செலவு பிடிக்கும் வேலை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சாதாரண கேம் என்றால் செய்து முடித்து, விற்று, அடுத்த வேலையைப் பார்க்கலாம். எம்எம்ஓவில் கதை, நிலப்பரப்பு, சண்டை எல்லாவற்றையும் செய்த பிறகுதான் உண்மையான செலவே தொடங்கும்: சர்வர்கள், வாடிக்கையாளர் சேவை, மாதாமாதம் புதுப் பகுதிகள். வருமானம் வருவதற்கு முன்னால் நாலைந்து ஆண்டுகள் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு அப்போது மாதச் சந்தா கட்டியவர்கள் 1 கோடிக்கும் மேல் என்பதால் பலருக்கும் அந்தப் பக்கம் ஆசை வந்தது. ஆனால் 2011 டிசம்பரில் ஸ்டார் வார்ஸ் பெயரோடும் ஈஏ என்ற பெரிய கேம் வெளியீட்டு நிறுவனத்தின் பணபலத்தோடும் வந்த எம்எம்ஓகூட ஓராண்டுக்குள் இலவச முறைக்கு மாறியது. காப்பர்நிகஸ் நுழைய நினைத்த சந்தையின் நிலை அதுதான்.

ரெக்கனிங் எங்கே பிறந்தது?

பலருக்குத் தெரியாத விஷயம், ரெக்கனிங் முதலில் அமலூர் கேமாகவே தொடங்கவில்லை. மேரிலாந்தில் பிக் ஹ்யூஜ் கேம்ஸ் என்ற ஸ்டூடியோ இருந்தது. ‘ரைஸ் ஆஃப் நேஷன்ஸ்’ என்ற வியூக கேமால் பெயர் வாங்கியவர்கள். அங்கே மாரோவிண்ட், ஆப்ளிவியன் என்ற புகழ்பெற்ற ஆர்பிஜிகள் இரண்டுக்கும் தலைமை வடிவமைப்பாளராக இருந்த கென் ரோல்ஸ்டன் வந்து சேர்ந்தார். ஒரு ஓபன் வேர்ல்ட் ஆர்பிஜி, அதாவது பெரிய உலகத்தில் நம் விருப்பப்படி சுற்றி ஆடும் கேம், வேலை தொடங்கியது. 2008-இல் டிஹெச்க்யூ என்ற கேம் வெளியீட்டு நிறுவனம் அந்த ஸ்டூடியோவை வாங்கியது. அடுத்த ஆண்டே டிஹெச்க்யூவுக்குப் பண நெருக்கடி. 2009-இல் 38 ஸ்டூடியோஸ் அந்த ஸ்டூடியோவை விலைக்கு வாங்கி, பாதி வழியில் இருந்த ஆர்பிஜியை அமலூர் உலகத்துக்குள் கொண்டுவந்தது.

யோசனை நல்லதுதான். காப்பர்நிகஸ் வர ஆண்டுகள் ஆகும். அதற்குள் தனியாக ஆடும் ஒரு கேம் வந்தால் மக்களுக்கு அமலூர் பழகிவிடும், கையில் காசும் வரும். ஈஏ முன்பணம் கொடுத்து வெளியிட ஒப்புக்கொண்டது. ஆனால் முன்பணம் என்றால், விற்பனையில் அந்தத் தொகை கழிந்த பிறகுதான் மிச்சம் ஸ்டூடியோவுக்கு வரும். இது பின்னால் பெரிய விஷயமானது.

கேம் 2012 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவில் வெளியானது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஸ்கைரிம் என்ற பெரிய ஆர்பிஜி வந்திருந்தது. உலகம் முழுக்க ஆர்பிஜி ரசிகர்கள் ஸ்கைரிமிலிருந்து இன்னும் வெளியே வராத நேரம். அடுத்த மாதம் மாஸ் எஃபெக்ட் 3 என்ற இன்னொரு பெரிய ஆர்பிஜி. இரண்டுக்கும் நடுவில், யாரும் கேள்விப்படாத பெயரோடு அமலூர் வந்து நின்றது.

தொடக்கமே துணிச்சலானது. நோம் என்ற குள்ள இனத்தவர் இரண்டு பேர் ஒரு பிணத்தைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அது நம் பிணம். இறந்தவர் எந்த இனம், எப்படி இருக்கிறார் என்று அவர்கள் பார்த்துப் பதிவு செய்வதுதான் நாம் பாத்திரத்தை உருவாக்கும் இடம். பிறகு பிணக்குவியலில் தூக்கி எறிகிறார்கள். அங்கே நாம் கண் விழிக்கிறோம். அமலூரில் எல்லோருடைய தலைவிதியும் முன்கூட்டியே எழுதப்பட்டது. ஃபேட்வீவர் எனப்படுகிறவர்கள் அதைப் படித்துச் சொல்வார்கள். குடிகாரனான அகார்த் என்ற ஃபேட்வீவர் நம் விதியைப் படிக்கப் பார்க்கிறான், அங்கே ஒன்றுமே இல்லை. செத்துப் பிழைத்ததால் நாம் விதிக்கு வெளியே வந்துவிட்டோம்.

இந்தக் கருவைக் கதையோடு நிறுத்தாமல் ஆட்டத்துக்குள்ளும் கொண்டுபோனார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பலம், லாவகம், மந்திரம் என்று மூன்று வழிகள். எதில் எவ்வளவு புள்ளி போடுகிறோமோ அதற்கேற்ற ‘டெஸ்டினி’ திறக்கும். மூன்றையும் கலந்து போட்டாலும் அதற்கென்று தனி டெஸ்டினி உண்டு. பிடிக்கவில்லையா? ஃபேட்வீவரிடம் கொஞ்சம் தங்கம் கொடுத்தால் போட்ட புள்ளிகள் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து முதலிலிருந்து போடலாம். விதி இல்லாதவனுக்கு எந்தப் பாதையும் நிரந்தரம் இல்லை என்பது கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி புரியும்.

சண்டைக்கு வருவோம். அன்றைய ஓபன் வேர்ல்ட் ஆர்பிஜிகளில் சண்டை என்பது பெரும்பாலும் வாளை வீசுவது, கேடயத்தைத் தூக்குவது, மருந்து குடிப்பது. இதில் ஆக்‌ஷன் கேம்களின் வேகம் இருந்தது. சரியான நொடியில் தடுத்தால் எதிரி தடுமாறுவான், அந்த இடைவெளியில் சுத்தியலை விட்டுச் சக்கரத்துக்கு மாறலாம், அது போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வருவதற்குள் இன்னொருவனை மந்திரத்தால் தூக்கி அடிக்கலாம். ஃபேட் மீட்டர் நிரம்பினால் ரெக்கனிங் நிலை: சுற்றியுள்ள எல்லாம் மெதுவாகும், எதிரியின் விதி நூலை உருவி எடுத்து ஆயுதமாக்கி அவனையே முடிக்கலாம். அந்தக் காலத்து ஓபன் வேர்ல்ட் ஆர்பிஜிகளில் இதற்கு ஈடான சண்டையை நான் கண்டதில்லை.

எழுத்திலும் நல்ல இடங்கள் உண்டு. டாலன்டார்த் காட்டில் ‘ஹவுஸ் ஆஃப் பாலட்ஸ்’ என்று ஒரு கூட்டம். ஃபே என்ற தேவதை இனத்தவர். அவர்கள் பழைய வீரப் பாடல்களைத் திரும்பத் திரும்ப நடித்து வாழ்கிறவர்கள். வெறும் நாடகம் என்று நினைக்கக் கூடாது, அவர்களுக்கு அதுதான் வாழ்க்கை. ஒருவர் இறந்தால் வேறொருவர் அந்தப் பாத்திரத்தை ஏற்பார், பாட்டு தொடரும். சர் சாக்ரெல் என்ற வீரனின் இடம் நமக்குக் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் தோற்றுப்போக வேண்டிய வில்லி, விண்டமியர் மங்கை, இந்த முறை பாட்டின்படி தோற்க மறுக்கிறாள். பாட்டு எழுதியபடிதான் நடக்க வேண்டுமா, அவள் பக்கம் நியாயம் இல்லையா என்று நம்மையே முடிவு செய்யச் சொல்கிறது கேம். விதி பற்றிய கதைக்குள் இப்படி ஒரு கிளைக்கதை வைக்க உண்மையான திறமை வேண்டும்.

குறைகளும் சின்னவை இல்லை. நிலப்பரப்பு பெரிது, அதை நிரப்ப வைத்த சின்ன குவெஸ்டுகளில் (ஆடுகிறவருக்குத் தரும் வேலைகளில்) பல, பத்து இலை பறித்து வா, அந்தக் குகையில் இருப்பதைக் கொன்று வா என்ற ரகம். எம்எம்ஓ ஆடிச் சலித்தவர்களுக்கு அது உடனே தெரிந்தது. அடுத்தது லெவல் பிரச்சினை. ஒரு பகுதிக்குள் முதல் தடவை காலெடுத்து வைக்கும்போது நம் லெவல் என்னவோ, அதையொட்டி அந்தப் பகுதியின் எதிரிகளின் லெவல் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஆர்வமாக எல்லா இடத்தையும் சுற்றிப் பார்க்கிறவர் சீக்கிரமே அந்த உலகத்தை விடப் பலசாலியாகிவிடுவார். அப்புறம் அவ்வளவு நல்ல சண்டை முறைக்கு வேலையே இல்லை. போதாததற்கு ‘ஹவுஸ் ஆஃப் வேலர்’ என்ற குவெஸ்ட் தொடரைப் புது டிஸ்க் வாங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். பழைய டிஸ்க் வாங்கியவர் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அது கேமுக்குத் தேவையில்லாத கெட்ட பெயர்.

கணக்கு எங்கே உதைத்தது

இப்போது பணத்துக்கு வரலாம். மாசசூசெட்ஸ் அரசிடம் ஷில்லிங் எதிர்பார்த்த உதவி கிடைக்கவில்லை. 2010 மார்ச்சில் ரோட் ஐலண்ட் ஆளுநர் டொனால்ட் கார்சியரி அவரைச் சந்தித்தார். அந்த மாநிலத்தில் வேலையில்லாதோர் அப்போது 11 சதவீதத்துக்கும் மேல். பழைய ஆலைத் தொழில்கள் போய்விட்டன. புதுத் தொழில் எதையாவது கொண்டுவந்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு. வேலை உருவாக்கும் நிறுவனங்களுக்குக் கடன் உத்தரவாதம் தர 12.5 கோடி டாலர் திட்டம் ஒன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதில் 7.5 கோடி, அதாவது அறுபது சதவீதம், ஒரே ஒரு நிறுவனத்துக்குப் போனது. வளர்ச்சிக் கழகத்தின் குழுவில் எதிர்த்து வாக்களித்தவர் ஒருவர்தான். நிபந்தனை: பிராவிடன்ஸ் நகரத்துக்குக் குடிபெயர வேண்டும், 2012 இறுதிக்குள் 450 வேலைகள் உருவாக்க வேண்டும்.

கடன் பத்திரத்தின் வகை முக்கியமானது. இதற்கு அரசு சட்டப்படி கட்டுப்பட்டதில்லை. நிறுவனம் கட்டத் தவறினால் கட்டுவோம் என்ற தார்மீக உறுதி மட்டுமே. சொந்தக்காரர் வாங்கும் கடனுக்குக் கையெழுத்துப் போடாமல் வாய்வார்த்தை கொடுப்பது மாதிரிதான். கட்டாமலும் விடலாம். ஆனால் விட்டால் அடுத்த முறை பள்ளிக்கோ பாலத்துக்கோ கடன் கேட்டுப் போகும்போது மாநிலத்தின் கடன் மதிப்பீடு சரிந்து, வட்டி ஏறிப்போகும். ஆகவே உறுதி வாய்வார்த்தையாக இருந்தாலும் கழுத்தில் கயிறு நிஜம்.

இன்னொரு ஓட்டை தொடக்கத்திலேயே இருந்தது. திரட்டியது 7.5 கோடி. பத்திரச் செலவு, இருப்பு நிதி, முன்கூட்டிய வட்டி எல்லாம் போக ஸ்டூடியோவின் கைக்கு வரவேண்டியது சுமார் 5 கோடிதான். காப்பர்நிகஸை முடிக்கக் குறைந்தது 7.5 கோடி வேண்டும் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. இந்தப் பள்ளத்தை முதலீட்டாளர்களுக்குச் சொல்லவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் வளர்ச்சிக் கழகத்தின் மீதும் பத்திர விற்பனையைக் கவனித்த வெல்ஸ் ஃபார்கோ வங்கி மீதும் குற்றம் சாட்டியது. முழுதாகக் கொடுத்திருந்தாலே இழுபறியாக இருந்திருக்கும் ஒரு வேலைக்கு, ஆரம்பத்திலேயே மூன்றில் ஒரு பங்கு குறைவு.

2011-இல் நிறுவனம் பிராவிடன்ஸுக்கு வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் ஆளுநர் மாறியிருந்தார். புதியவரான லிங்கன் சேஃபி தேர்தல் பிரச்சாரத்திலேயே இந்தக் கடனை எதிர்த்தவர்.

2012 மே 1 அன்று செலுத்த வேண்டிய 11.25 லட்சம் டாலர் தவணை வரவில்லை. மே 14 அன்று ஆளுநர், நிறுவனத்தைக் கடனில் மூழ்காமல் காக்க முயல்கிறோம் என்று வெளிப்படையாகப் பேசினார். மறுநாள் ஊழியர்களுக்குச் சம்பளம் வரவில்லை. நிறுவனம் ஒரு காசோலையைக் கொண்டுவந்தது. அதற்குக் கணக்கில் பணம் போதாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ஒரு வழியாகத் தவணை கட்டப்பட்டது, சம்பளம் கட்டப்படவில்லை. அந்த வாரத்தில்தான் காப்பர்நிகஸின் காணொளி ஒன்று வெளியே வந்தது. மலைகள், பாலங்கள், கோபுர நகரங்கள். நடமாட ஒரு ஆள் இல்லை. ஐந்தாறு ஆண்டு உழைப்பு எப்படி இருந்தது என்பதை உலகம் முதலில் அப்படித்தான் பார்த்தது.

மே 24 அன்று பிராவிடன்ஸ், மேரிலாந்து இரண்டு இடங்களிலும் சேர்த்து 379 பேருக்கும் வேலை போனது. செய்தி மின்னஞ்சலில் வந்தது. மருத்துவக் காப்பீடும் கையோடு போனது. மாசசூசெட்ஸிலிருந்து குடிபெயர்ந்தவர்களில் சிலருக்கு இன்னொரு அடி: தங்கள் பழைய வீடு விற்றாகிவிட்டது என்று நம்பியிருந்தார்கள், நிறுவனம் அமர்த்திய இடமாற்ற ஏற்பாட்டில் அது விற்கப்படவே இல்லை. வேலை இல்லாத நேரத்தில் பழைய வீட்டுக் கடன் அவர்கள் வாசலுக்கே திரும்பி வந்தது. ஷில்லிங் தன் சொந்தப் பணம் 5 கோடி டாலர் போனதாகச் சொன்னார். ரத்தக்கறைக் காலுறையும் 2013-இல் 92,613 டாலருக்கு ஏலம் போனது. அவர் இழப்பும் இழப்புதான். ஆனால் முடிவெடுத்தவர் அவர். நிலப்பரப்பு வரைந்தவருக்கும் ஒலி சேர்த்தவருக்கும் பணம் தீரப்போகிறது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் எனக்குள்ள கோபமெல்லாம் அதன்மேல்தான்.

ஜூன் 7 திவால் மனுவில் கடன் 15.07 கோடி டாலர், சொத்து 2.17 கோடி டாலர் என்று இருந்தது.

கேம் தோற்றது என்றார் சேஃபி. 30 லட்சம் பிரதி விற்றால்தான் முதலுக்கு நஷ்டமில்லை என்றும் அவர் தரப்பில் சொல்லப்பட்டது. ஷில்லிங் தரப்பு சொன்ன எண்ணிக்கை முதல் 90 நாளில் சுமார் 12 லட்சம். தன் பேச்சாலேயே ஆளுநர் முதலீட்டாளர்களை விரட்டிவிட்டார் என்பது ஷில்லிங்கின் வாதம். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதுப் பெயரில், புது உலகத்தில், ஸ்கைரிமின் நிழலில் வந்த ஒரு கேம் மூன்று மாதத்தில் 12 லட்சம் விற்பது கௌரவமான விற்பனை. ஆனால் அந்தப் பணம் முதலில் ஈஏவின் முன்பணத்தைக் கழிக்கப் போனது. மீதி வந்திருந்தாலும் காப்பர்நிகஸின் மாதச் சம்பளத்துக்குக் காணாது. தன் சொந்தச் செலவை மட்டும் ஈட்ட வேண்டிய கேமாக இருந்திருந்தால், 2014-இலோ 2015-இலோ இரண்டாம் பாகம் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

வழக்கு, ஏலம், மறுபதிப்பு

மாநிலம் 2012 நவம்பரில் ஷில்லிங், நிறுவன அதிகாரிகள், வங்கிகள், வழக்கறிஞர் நிறுவனங்கள் என்று பலர் மீது வழக்குப் போட்டது. 2017 தொடக்கத்துக்குள் சமரசத் தொகையாக வந்தது மொத்தம் சுமார் 6.1 கோடி டாலர். இதில் பெரும்பங்கு வங்கிகளிடமிருந்தும் நிதி ஆலோசகர்களிடமிருந்தும் வந்தது. ஷில்லிங் உள்ளிட்ட நிறுவனத் தரப்பினருக்கான சமரசம் 25 லட்சம் டாலர்தான். குற்ற வழக்கு போட ஆதாரம் இல்லை என்று 2016-இல் அறிவித்தார்கள். மாநிலம் ஆண்டுதோறும் தவணையைக் கட்டிக்கொண்டிருந்தது; பட்ஜெட் விவாதம் வரும்போதெல்லாம் இதைக் கட்டத்தான் வேண்டுமா என்ற சண்டையும் வந்துபோனது. இன்றைக்கும் ரோட் ஐலண்டில் ஒரு தனியார் திட்டத்துக்கு அரசுப் பணம் என்று பேச்செடுத்தால் 38 ஸ்டூடியோஸ் பெயர் வராமல் இருக்காது. பாக்கிச் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு ஊழியர்கள் கைக்கு வர 2021 ஆனது.

மேரிலாந்து ஆட்களில் பலரை எபிக் கேம்ஸ் சேர்த்துக்கொண்டு 2012 ஆகஸ்டில் இம்பாசிபிள் ஸ்டூடியோஸ் என்று தொடங்கியது. அதையும் அடுத்த பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். 2013 இறுதியில் நடந்த ஏலத்தில் அமலூர் உரிமையும் காப்பர்நிகஸும் விலைபோகவில்லை. 2018-இல்தான் டிஹெச்க்யூ நார்டிக் வாங்கியது. பழைய டிஹெச்க்யூவும் இடையில் திவாலாகி, அதன் பெயரை நார்டிக் வாங்கியிருந்தது.

2020 செப்டம்பரில் ‘ரீ-ரெக்கனிங்’ என்ற மறுபதிப்பு வந்தது; 2021 டிசம்பரில் ‘ஃபேட்ஸ்வார்ன்’ என்ற புதிய கதைப் பகுதி. மறுபதிப்பின் படத் தரம் பெரிதாக மாறவில்லை. ஆனால் பகுதிகளின் லெவல் பூட்டிக்கொள்ளும் பழைய கோளாறைச் சரி செய்திருக்கிறார்கள், வெரி ஹார்ட் என்ற கடின நிலையும் சேர்ந்திருக்கிறது, 2012-இல் வந்த இரண்டு டிஎல்சிகளும் (தனியாக விற்ற கூடுதல் பகுதிகள்) உள்ளேயே இருக்கின்றன. வாங்கிய சொத்தில் காப்பர்நிகஸும் இருந்தது. அதை வைத்து இதுவரை எதுவும் வெளிவரவில்லை.

இப்போது ஆடப் போகிறவர்கள் ரீ-ரெக்கனிங்கையே எடுக்கலாம். கடின நிலையை முதலிலேயே கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஆச்சரியக்குறியோடு நிற்கிற எல்லோரிடமும் வேலை வாங்கிக்கொண்டிருந்தால் இருபது மணி நேரத்தில் சலித்துவிடும். ஹவுஸ் ஆஃப் பாலட்ஸ் போன்ற கூட்டங்களின் குவெஸ்ட் தொடர்களைப் பிடித்துக்கொண்டு போங்கள், அந்த ஸ்டூடியோவின் நல்ல எழுத்து முழுக்க அங்கேதான் இருக்கிறது.